மும்மையும் முன்மையும்

பத்மநாபபுரத்து அரண்மனையில் ஆண்டுதோறும் நவராத்திரிக்குச் சின்னாள் முன்னர் ஒரு விழா நிகழ்கின்றது. உப்பரிகை மாளிகையில் உடைவாள் கைமாறிய பின்னர், அரண்மனைத் தேவாரக்கட்டில் எழுந்தருளியுள்ள சரசுவதியும், வேளிமலைக் குமரனும், சுசீந்திரத்து நங்கையும் திருவனந்தபுரத்துக்குப் புறப்படுகின்றனர். கலைமகள் யானைமீதும் ஏனை இருவரும் பல்லக்கிலும் செல்வர். குழித்துறையிலும் நெய்யாற்றின்கரையிலும் இராத் தங்கி மூன்றாம் நாள் நகரை அடைவர். திருவிதாங்கூரின் தலைநகர் பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் பத்மநாபபுரத்தினின்றும் திருவனந்தபுரத்துக்கு மாறியதன் நினைவாக இவ்வழக்கம் இன்றுகாறும் நின்று நிலவுகின்றது.

இவ்வூர்வலத்தில் எம் கருத்தை ஈர்த்தது வேறொன்றுமன்று. சுசீந்திரத்து நங்கையின் பெயரேயாம். தமிழில் எழுதுவோர் அவளை 'முன்னுதித்த நங்கை' என்பர். மலையாளத்தில் எழுதுவோர் 'முன்னூற்றி நங்கை' என்பர். ஒன்று முன்மையைக் குறிக்கும். மற்றொன்று முந்நூறு என்னும் எண்ணைக் குறிக்கும். தெய்வம் ஒன்று, கோயில் ஒன்று, ஊர்வலம் ஒன்று. பொருள் மட்டும் இரண்டு. இவற்றுள் எது முந்தியது, எது திரிபு என்று துணிதற்குச் சொல்லளவிலேனும் வழியுண்டோ என்பதே இக்கட்டுரையின் தொடக்க வினா. அவ்வினாவைத் தொடர்ந்து செல்லுங்கால், மூன்றெனத் தொகுத்துரைக்கும் தமிழ்ச்சொற்கள் பலவற்றின் பொருள்வரலாற்றையும் மீண்டும் நோக்குதல் இன்றியமையாததாயிற்று.

இது வெறும் எழுத்தாராய்ச்சி என்று கருதற்க. 'முன்னுதித்த' என்பதே மெய்ப்பெயர் எனின், தாணுமாலயனுக்கும் முற்பட்ட தெய்வம் சுசீந்திரத்தில் இருந்தது என்று வரலாறு கூற இடம் ஏற்படும். 'முந்நூற்று' என்பதே மெய்யெனின் அவ்வரலாற்றுக்கு அடிப்படையே இல்லை. ஓர் எழுத்தின்மீது ஒரு கோயிலின் வரலாறு நிற்கின்றது.

முதற்கண் இலக்கணம் கூறுவதைக் காண்போம். மூன்று என்னும் எண்ணுப்பெயர் பிற சொல்லோடு புணருங்கால் தன் இறுதியை இழந்து, முதல் குறுகி, வருமொழி முதலெழுத்தின் இனத்தை ஏற்கும். முக்கண், முச்சந்தி, முத்தமிழ், முப்பால், மும்மலம் என்பன காண்க. உயிரும் இடையினமும் வருங்கால் மூவுலகு, மூவேந்தர் எனப் பெரும்பாலும் நெடில் நிற்கும். முன் என்னும் சொல்லோ இவ்வாறு திரிவதில்லை. வல்லினம் வரின் முற்பகல், முன்பனி என நிற்கும். மெல்லின மகரம் வரின் முன்மொழி என இயல்பாகும். உயிர் வரின் முன்னுரை என ஒற்று இரட்டும். ஆகவே வல்லினமும் மகரமும் உயிரும் வருமொழி முதலாகிய இடங்களிலெல்லாம் மூன்றும் முன்னும் ஒன்றோடொன்று மயங்குவதற்கே வழியில்லை.

மயக்கம் நேர்வது ஓரிடத்தில் மட்டுமே. அது வருமொழி நகரத்தில் தொடங்கும் இடம். மூன்று நாள் முந்நாள். முந்திய நாள் முன்னாள். மூன்று புரியாகிய நூல் முந்நூல். முன்னோர் செய்த நூல் முன்னூல். இவற்றைத் தமிழன் ஒருவன் வாய்விட்டுச் சொல்லக் கேட்பார்க்கு இன்று வேறுபாடு புலப்படுவதில்லை. தந்நகரமும் றன்னகரமும் ஒலியில் ஒன்றிப் பன்னெடுங் காலமாயிற்று. எழுத்தில் மட்டுமே வேறுபாடு நிற்கின்றது. ஏடெழுதுவோன் ஒரு நொடி அயர்ந்தால் மும்மை முன்மையாகும், முன்மை மும்மையாகும். தொல்காப்பியர் குற்றியலுகரப் புணரியலில், மூன்றன் முன் நூறு வருங்கால் மூன்றன் ஒற்று நகரமாகும் என்று தனியே எடுத்தோதினார். அவர் காலத்தில் இவ்வேறுபாடு செவிக்குப் புலனாய் இருந்தமையினாலேயே அதனை விதியாக்கினார் என்று கொள்ளலாம்.

மூ என்று தொடங்குவனவெல்லாம் மூன்றல்ல என்பதை மாணவர்க்கு நினைவூட்டுதல் மிகையாகாது. மூதூர், மூதுரை, மூதாதை என்பன முது என்பதனடியாகப் பிறந்தன. மூதேவி மூத்த தேவியே. மூன்று தேவி அல்லள். மூவா என்பது முதுமையுறாத என்னும் எதிர்மறை. முன்றில் என்பது இல்முன் என்பது முன்பின்னாகத் தொக்கது. மூன்றில் என்பதனோடு அதற்கு ஓசையளவில் உள்ள ஒப்புமை நெடிலாலேயே நீங்கும். முப்பாட்டன் என்பதில் மட்டும் எமக்குச் சிறிது தயக்கமுண்டு. தந்தை, பாட்டன், முப்பாட்டன் என எண்ணின் மூன்றாமவன் அவன்; முதுமைப் பொருளும் அங்கே பொருந்தாமற் போகவில்லை. எனினும் பகரம் இரட்டித்தல் மூன்றின் பக்கமே சான்று பகர்கின்றது.

இனி, புணர்ச்சி விதியை மட்டுமே நம்பி இடப்பெயர்களையும் தெய்வப்பெயர்களையும் துணியலாகாது என்பதற்குப் பத்மநாபபுரமே சான்று. மார்த்தாண்ட வருமர் (1729–1758) காலத்தில் இப்பெயர் பெறுவதற்கு முன் இவ்வூர்க்குக் கல்குளம் என்பது பெயர்; அப்பெயர் இன்றும் வட்டத்தின் பெயராய் நிலவுகின்றது. விதிப்படி கற்குளம் என்றே ஆதல் வேண்டும். ஆயினும் மக்கள் கல்குளம் என்றே வழங்கினர், வழங்குகின்றனர். பெயர்ச்சொல் விதிக்கு அடங்காது நிற்றலும் உண்டு என்பதை நெஞ்சிற்கொண்டே மேற்செல்வோம். (நாஞ்சில் நாடு என்னும் பெயர் நுணுகி நோக்கின் தோவாளை, அகத்தீசுவரம் ஆகிய வட்டங்கட்கே உரியது, கல்குளம் அதற்கு மேல்பால் உள்ளது. வழக்கில் இவை கலந்துவிட்டன.)

நகர மயக்கத்துக்கு இலக்கியத்தில் தலைசிறந்த எடுத்துக்காட்டு முந்நீர் என்பது. கடலைக் குறிக்கும் இச்சொல் தொல்காப்பியத்திலும் சங்கப் பாடல்களிலும் பயில்கின்றது. தொல்காப்பிய அகத்திணையியலில் வரும் முந்நீர் வழக்கம் என்னும் தொடரைக் கடற்செலவு என்று கொள்வாரும், ஓதல், தூது, பொருள் என்னும் மூவகைப் பிரிவின் நீர்மை என்று கொள்வாரும் உளர். சொல் ஒன்றே, ஒரு சாரார் நீர் என்பதை நீராகவும் மற்றொரு சாரார் அதனையே தன்மையாகவும் பிரித்துக் கொண்டனர். மூன்று என்பதை மட்டும் இரு சாராரும் விட்டிலர்.

சிலப்பதிகார உரையில் அடியார்க்கு நல்லார் இச்சொல்லை எடுத்து விரிவாக ஆராய்கின்றார். தமிழ் உரையாசிரியர் ஒருவர் தனிச்சொல் ஒன்றன் பிறப்பைக் குறித்துத் தடைவிடைகளால் வழக்காடும் இடங்களுள் இது சிறந்தது. அவர் காலத்து வழங்கிய இரு கொள்கைகளை அவர் மறுக்கின்றார். ஆற்றுநீரும் ஊற்றுநீரும் மேல்நீராகிய மழைநீரும் கூடியது கடல் என்பது முதற்கொள்கை. ஆற்றுநீரும் மழைநீரேயாம், இவ்விரண்டும் இல்வழி ஊற்றுநீரும் இல்லை, ஆகலின் மூன்றென எண்ணுதல் பொருந்தாது என்பது அவர் மறுப்பு. முதிய நீர் என்பது இரண்டாங் கொள்கை. மழையின்றேல் கடலும் தன் நீர்மை குன்றும் என்ற குறட்கருத்தைக் காட்டி அதனையும் விலக்குகின்றார். பின்னர், மண்ணைப் படைத்தலும் காத்தலும் அழித்தலுமாகிய முச்செயலை உடைய நீர் என்பதே பொருள் என நிறுவுகின்றார். நச்சினார்க்கினியரும் மூன்று தன்மையுடைமை என்னும் இவ்வழியே செல்கின்றார்.

அடியார்க்கு நல்லாரின் புலமைக்குத் தலைவணங்கியே ஈண்டு மாறுபடுகின்றோம். அவருடைய முதல் மறுப்பு நீரியலைப் பற்றியதேயன்றிச் சொல்லைப் பற்றியதன்று. மூலம் ஒன்றாயின் மூன்றென எண்ணலாகாது எனின், முத்தமிழ் என்னும் சொல்லும் நில்லாது. இயலும் இசையும் நாடகமும் தமிழ் ஒன்றன் கூறுகளே. எனினும் முத்தமிழ் என்கின்றோம். எண்ணுதல் என்பது பொருளின் பிறப்பை நோக்கியதன்று. காண்பார் பகுத்துக் காணும் பகுப்பை நோக்கியது. ஆறாய் வந்ததையும் ஊற்றாய்ச் சுரந்ததையும் மழையாய்ப் பொழிந்ததையும் மூன்றாகக் கண்ட பரதவன் ஒருவனுக்கு, அவை மூன்றும் மழையே என்னும் நுண்ணறிவு இருந்திருத்தல் வேண்டும் என்பது யாங்ஙனம்?

இரண்டாம் மறுப்பும் அத்தகையதே. முதிய நீர் என்னும் பொருளை விலக்குதற்கு அவர்க்குக் குறள் வேண்டியதில்லை, இலக்கணமே போதும். முது என்பதனோடு நீர் சேரின் முதுநீர் ஆகும். முன் என்பதனோடு சேரின் முன்னீர் ஆகும். தந்நகரம் இரட்டித்து முந்நீர் என நிற்றல் மூன்றுக்கே உரியது. கையில் வாள் இருப்பக் கல்லெடுத்து எறிந்தது ஏன் என்று வியப்புண்டாகின்றது. ஏடுகளில் ந்ந, ன்ன என்பன மயங்கிக் கிடத்தலைப் பலகால் கண்ட அவர், எழுத்தைச் சான்றாகக் காட்டத் துணிந்திலர் போலும். அவ்வாறாயின் அவருடைய அடக்கம் போற்றத்தக்கதே. அன்றியும், முதிய நீர் என்றாருடைய கருத்து முற்றும் அடிப்படையற்றதும் அன்று. புறநானூற்றில் காரிகிழார் முதுகுடுமிப் பெருவழுதியைப் பாடிய ஆறாம் பாட்டில் மேல்கடலுக்குத் தொன்மையைக் குறிக்கும் அடை தரப்பட்டுள்ளது. கடலைப் பழமையோடு சேர்த்து எண்ணும் மரபு புலவரிடை இருந்தது. மரபு உண்மை, சொற்பிறப்பு மட்டுமே அதனோடு இயைந்திலது.

இனி அவர் நிறுவிய பொருளை நோக்குவோம். படைத்தல், காத்தல், அழித்தல் என்னும் மூன்றும் கடலைக் கண்டு எண்ணிய எண்ணல்ல. அயன், மால், அரன் என்னும் மூவரின் தொழில்களை எண்ணிய எண். சமய நூல்களில் நிலைபெற்றுவிட்ட ஒரு மும்மையை எடுத்து, உறுப்புக்களை இழந்து வெறுமையாய் நின்ற பழஞ்சொல் ஒன்றனுள் பெய்துள்ளனர் உரையாசிரியர். முந்நீர் என்னும் சொல் வழங்கியது முந்தி. அம்மூன்று யாவை என்பது மறந்தது அடுத்து. மறந்த இடத்தை நிரப்பியது உரை. முக்காலி, முச்சந்தி, முக்கனி என்பனவற்றுக்கு உரையாசிரியர் வேண்டா. விரலால் தொட்டு எண்ணிக் காட்டலாம். தொட்டுக் காட்ட இயலாத மும்மைகளே உரையை வேண்டி நிற்கின்றன. அத்தகைய சொற்களில் எண் நிலைத்து நிற்ப, எண்ணப்பட்ட பொருள்கள் காலந்தோறும் மாறுதலைக் காண்கின்றோம்.

மாறுதல் இன்றும் ஓய்ந்திலது. கன்னியாகுமரியில் மூன்று கடல் கூடுதலின் கடல் முந்நீர் எனப்பட்டது என்னும் விளக்கம் இந்நாளில் மேடைகளிலும் சிறு நூல்களிலும் வழங்குகின்றது. மாணவர் கட்டுரைகளிலும் அது புகுந்துவிட்டது. இது பொருந்தாது. மேற்காட்டிய புறநானூற்று ஆறாம் பாட்டு நான்கு எல்லைகளைக் கூறுமிடத்து, வடக்கே பனிமலை, தெற்கே குமரி, கிழக்கே கடல், மேற்கே கடல் என்று கடல்களை இரண்டாகவே எண்ணுகின்றது. குமரியையும் கடலாக்கி மூன்றாக்கலாமே எனின், அங்குக் குமரி எல்லையின் பெயராய் நிற்கின்றதேயன்றிக் கடல் என்று சொல்லப்படவில்லை. அதே முதுகுடுமியை நெட்டிமையார் பாடிய ஒன்பதாம் பாட்டிலேதான் முந்நீர் என்னும் சொல்லும் வருகின்றது. ஓரரசன் அவையில், ஏறத்தாழ ஒரே காலத்தில், கடல் இரண்டாகவும் எண்ணப்பட்டது. முந்நீர் எனவும் அழைக்கப்பட்டது. எனவே முந்நீரின் மூன்று, கடல்களின் எண்ணிக்கையன்று என்பது வெளிப்படை.

முதலாம் இராசராசனின் மெய்க்கீர்த்தியில் முந்நீர்ப் பழந்தீவு பன்னீராயிரம் என்று வருவது மாலத்தீவுகளைக் குறிக்கும் என்பர். குமரி முனைக்கு நெடுந்தொலைவில் உள்ள கடலும் முந்நீரே. இன்னும் ஒன்று. 1953-இல் பன்னாட்டு நீரியல் அளவை அமைப்பு வெளியிட்ட கடலெல்லை நூலின்படி வங்கக் குடா ஆதம் பாலத்துக்கு அப்பாலே நின்றுவிடுகின்றது. குமரி முனையைச் சூழ்வது இலக்கத்தீவுக் கடல் ஒன்றே. முக்கடல் என்பது நில நூலார் வகுத்த வகுப்பன்று. நீராடுவோரும் காட்சி காண்போரும் கண்டுகொண்ட வகுப்பு. அதனாலேயே அது பொய்யென்று தள்ளுவேமல்லேம். பரதவனுக்குத் தந்த உரிமையை நீராடுவோர்க்கு மறுத்தல் முறையன்று. சங்கச் சொல்லுக்கு அதனைப் பொருளாக்குதலையே மறுக்கின்றோம். நாகர்கோவில் நகர்க்குக் குடிநீர் தரும் மலையடி நீர்த்தேக்கத்துக்கும் முக்கடல் அணை என்பது பெயர். அங்கே கூடும் கடல் யாதுமில்லை.

உரையாசிரியரின் முத்தொழிலைக் கூறிய யாம், அம்மூவரையும் ஒரு பெயரில் அடக்கிய சுசீந்திரத்தைக் கடந்து செல்லுதல் இயலாது. தாணுமாலயன் என்பது மும்மைப் பெயர். ஆயினும் அதில் மு என்னும் எண் இல்லை. எண்ணைச் சொல்லாமல் எண்ணப்பட்டாரைச் சொல்கின்றது. தாணு என்பது தூண், நிலைபெற்றது என்னும் பொருளுடைய வடசொல்லின் வழிவந்து சிவனைக் குறிக்கும். மால் என்பது தமிழ். அயன் என்பது பிறவாதவன் என்னும் பொருளுடைய வடசொல்லின் திரிபு. முந்நீர்க்கு நேர்ந்த இடர் இப்பெயர்க்கு நேர வழியில்லை. மூவர் யாவர் என்று எந்த உரையாசிரியரும் தேடவேண்டியதில்லை.

இப்பெயரில் ஆராயத்தக்கது அதன் ஈறு. உயர்திணை உம்மைத்தொகை பலர்பாலில் முடிதல் வேண்டும் என்பது தொல்காப்பியரும் நன்னூலாரும் ஒருங்கே கூறிய விதி. கபிலபரணர் என்போம், கபிலபரணன் என்னோம். சேர சோழ பாண்டியர் என்போம். அவ்விதிப்படி மூவரைத் தொகுத்தால் தாணுமாலயர் என்றாதல் வேண்டும். ஊரார் வழங்குவதோ தாணுமாலயன். இது வழுவா எனின், வழுவன்று. இதனை உம்மைத்தொகையாகக் கொள்வதே வழு. தாணுவும் மாலும் அயனும் என விரியாது, தாணுவாகிய மாலாகிய அயன் என விரியும் இருபெயரொட்டின் வழிப்பட்ட தொகை இது. மூவரைக் கூட்டியதன்று, ஒருவனையே மூன்று பெயரால் சுட்டியது. சங்கரநாராயணன் என்பதும் இவ்வாறே ஒருமையில் நின்றது. அனசூயையின் கற்புக்கு முன் மூவரும் குழவிகளான கதையைச் சுசீந்திரத்து மரபு கூறும். அக்கதையில் தெய்வங்கள் மூவர். பெயரிலோ ஒருவன். கதையினும் பெயர் நுண்ணிதாய் நிற்றலை இங்குக் காண்கின்றோம். பெயரின் வைப்பு முறையும் நோக்கற்பாலது. தொழில் முறையால் எண்ணுவோர் அயனை முன்வைத்து அரனை இறுதியில் வைப்பர். இங்கு அது தலைகீழாகி, தாணு முதற்கண் நிற்கின்றான்.

இத்துணை நுண்மையுடைய பெயர் மக்கள் வாயில் என்னவாயிற்று? தாணுமாலையன் என்றாயிற்று. மாலும் அயனும் சேர்ந்த மாலயன், மாலை என்னும் பழகிய சொல்லின் சாயலை ஏற்று மாலையன் ஆனான். அயன் மறைந்தான். மாலும் மறைந்தான். மாலையணிந்த தாணு ஒருவனே எஞ்சினான். அதன்மேல் பெருமாள் என்பதும் சேர்ந்து தாணுமாலையப் பெருமாள் என்னும் வழக்கும் உண்டு. முன்னரே உள்ளிருந்த மாலைக் காணாமையால் மீண்டும் ஒரு திருமாலை வெளியிலிருந்து வருவித்துச் சேர்த்தனரோ என்று எண்ணத் தோன்றுகின்றது. பெருமாள் என்பது சிவன் பெயரோடும் அரசர் பெயரோடும் வழங்குமாகலின் இதனை வற்புறுத்தேம். நாஞ்சில் நாட்டில் தாணு என்றும் தாணுலிங்கம் என்றும் மக்கட்பெயர் மிகுதி. பெயரின் முற்பகுதியே மக்கள் நினைவில் பற்றி நின்றது. மும்மை இவ்வாறு இழக்கப்படுதலும் உண்டு.

இழக்கப்படுதலைப் போன்றே, இல்லாத மும்மை வந்து ஏறுதலும் உண்டு. இதற்குத் தமிழ்நாட்டிலும் ஈழத்திலும் நன்கறிந்த சான்றுகள் இரண்டு உள. தேவாரத்தில் சிராப்பள்ளி என்றே வழங்கிய தலம், திரு என்னும் அடைபெற்றுத் திருச்சிராப்பள்ளி ஆயிற்று. பிற்காலத்தார் திரு என்பதைத் திரி என்று கொண்டு திரிசிரபுரம் ஆக்கி, மூன்று தலையுடைய அரக்கன் ஒருவனையும் அதற்குக் கண்டனர். சம்பந்தர் கோணமாமலை என்று பாடிய தலம் திருக்கோணமலை. அதனை முக்கோணமாக்கினாரும் உளர். குற்றாலத்துத் திரிகூடம் போன்று உண்மையாகவே மூன்றைக் குறிக்கும் சொற்கள் அருகிருந்தமையால் இம்மயக்கம் எளிதாயிற்று. இவ்விரு பெயர்களிலும் அடையில்லாத பழைய வடிவம் ஏட்டில் நின்றமையால் பிழை தெரிந்தது. நின்றிராவிடின் மூன்று தலையரக்கனை யாமும் நம்பியிருப்போம்.

சுசீந்திரத்து நங்கைக்கு அத்தகைய தேவாரச் சான்று இல்லை. ஆகவே இருவடிவங்களையும் அவற்றின் உள்ளமைப்பாலேயே எடைபோட வேண்டியுள்ளது. முன்னுதித்த என்னும் வடிவம் புணர்ச்சியில் குற்றமற்றது; பொருளும் தெளிவு. மலையாள வடிவத்தைப் பொறுத்தவரை ஓர் இடர் உண்டு. மலையாள எழுத்தில் தந்நகரத்துக்கும் றன்னகரத்துக்கும் ஒரே வரிவடிவமே உள்ளது. ஒலியில் அம்மொழியாளர் இரண்டனையும் வேறுபடுத்துவர்; எழுத்தில் வேறுபடுத்த வழியில்லை. ஆகவே எழுதப்பட்ட பெயரைக் கொண்டு முதலசை முந்தா முன்னா என்று அறிதல் இயலாது. இருமொழி வழங்கிய நாட்டில், 1956 நவம்பர் முதல்நாள் வரை திருவிதாங்கூர்-கொச்சியைச் சார்ந்திருந்த பகுதியில், இத்தகைய மயக்கம் வியப்பன்று. அரண்மனை இன்றும் தமிழ்நாட்டு நிலத்தில் கேரளத் தொல்லியல் துறையின் பொறுப்பில் உள்ளது. அப்பெயரும் அவ்வாறே இரண்டு மொழிக்கும் பொதுவாய் நிற்கின்றது.

முதலசை கைவிட்டது, இரண்டாம் அசை உதவுகின்றது. உதித்த என்பதில் உகரம் குறில். முந்நூற்று என்பதில் ஊகாரம் நெடில். மலையாள வழக்கில் நெடிலே உள்ளது. உதித்த என்பது பேச்சில் உத்த எனச் சுருங்குதல் எளிது. தி, த்த என்று ஒத்த ஒலிகள் அடுத்து வருதலின் ஒன்று கெடும். ஆனால் சுருங்கிய சொல் நெடிலாக நீளுதற்கும், தகரம் றகரமாதற்கும் தனிக்காரணம் காட்டல் வேண்டும். மறுதலையாகக் கொள்ளின் எல்லாம் எளிதில் இயலும். காற்று காத்து ஆனாற்போல முந்நூற்று என்பது தமிழர் பேச்சில் முன்னூத்து ஆகும். முன்னூத்து நங்கை என்பதன் பொருள் விளங்காதபோது, கற்றார் ஒருவர் அதனை முன்னுதித்த நங்கை எனத் திருத்தியிருத்தல் இயல்பு. றகரத்தைக் காத்துக்கொண்ட மலையாள வழக்கில் பழைய வடிவம் தங்கிற்று.

இதனோடு வேறொன்றும் சேர்த்து எண்ணற்பாலது. விளங்காத சொல்லை விளங்கும் சொல்லாக மாற்றுதல் மக்கள் இயல்பு. விளங்கும் சொல்லை விளங்காததாக மாற்றுவார் அரியர். மாலயன் மாலையன் ஆனது இவ்வியல்பினாலேயே. முன்னுதித்த என்பது யார்க்கும் விளங்கும். முந்நூற்று நங்கை என்பது, எந்த முந்நூறு என்னும் வினாவை எழுப்பி நிற்கின்றது. ஆதலின் அதுவே பழையதாதல் சாலும்.

எந்த முந்நூறு? சேரர் ஆட்சிக் காலத்தில் கேரளத்து நாடுகள்தோறும் எண்ணால் பெயர்பெற்ற நூற்றுவர் குழுக்கள் இருந்தன. நன்றுழை நாட்டு முந்நூற்றுவரும், வேணாட்டு அறுநூற்றுவரும் வரலாற்று நூலார் நன்கறிந்தவர். நாடுகாக்கும் படைக்குழுவினராய் இருந்த இவர்கள் தங்கட்கெனத் தெய்வம் கொண்டு வழிபட்டிருப்பின், அத்தெய்வம் முந்நூற்றுவர்க்குரிய நங்கை, அதாவது முந்நூற்று நங்கை எனப்படுதல் மிகவும் பொருந்தும். எண்ணுப்பெயர் குழுவைக் குறித்து நிற்றலால், மூன்றின் அடியாகப் பிறந்த இச்சொல்லில் எண்ணப்பட்டவர் தெய்வங்கள் அல்லர், வழிபட்ட மக்களே என்றாகும். வேணாட்டார் அறுநூற்றுவர் ஆயிற்றே, முந்நூற்றுவர் அல்லரே எனின், அது எம் கருத்துக்கு ஒரு தடையே, மறைக்கவில்லை. பெருநாட்டின் உட்பகுதிக்கு அதன் பாதி எண்ணுடைய குழு அமைந்திருத்தல் கூடும் என்பதற்குமேல் அதற்கு விடை தருதல் ஊகத்தின்மேல் ஊகமாய் முடியும்.

ஆகவே முந்நூற்று நங்கை என்பது முந்தியது, முன்னுதித்த நங்கை என்பது அதன் திருத்தம் என்பதே எமது துணிபு. இத்துணிபு ஊகாரத்தின் நீட்டத்தையும் றகரத்தின் வன்மையையும் பற்றி நிற்பது; கதையைப் பற்றி நிற்பதன்று. மலையாள வழக்குக்கு முற்பட்ட தமிழ்க் கல்வெட்டு ஒன்றில் உதித்த என்னும் குறில் வடிவம் தெளிவாகக் காணப்படின் இத்துணிபு வீழும். கைவிடுதற்கு யாம் நாணோம். அதுகாறும், பல்லக்கில் கலைமகளின் பின்னே செல்லும் நங்கையை அவ்வூர்வலத்தார் எப்பெயரால் அழைப்பினும், அவள் பெயரைச் சான்றாக்கித் தாணுமாலயனுக்கு முற்பட்ட தெய்வம் இவளென வரலாறு எழுதுவோர் முதற்கண் அந்த நெடிலுக்கு விடைகூறல் வேண்டும்.